மணல் மூட்டை இல்லாம வீட்டுக்குள்ள வெள்ளம் வராம தடுக்க முடியுமா? கடைக்கு வர்றவங்க அடிக்கடி கேக்குற கேள்விகள்

சென்னைல மடிப்பாக்கம் பக்கத்துல சின்னதா ஒரு ஹார்டுவேர் கடை வச்சிருக்கேன். வருஷா வருஷம் அக்டோபர்ல வடகிழக்குப் பருவமழை ஆரம்பிச்சதும் டார்பாலின், கயிறு, சாக்கு கேட்டு கூட்டம் வரும், கூடவே அதே பத்து பதினஞ்சு சந்தேகமும் வரும். 2015 டிசம்பர்ல என் கடைக்குள்ளயே இடுப்பளவு தண்ணி நின்னுச்சு, கீழ அடுக்கியிருந்த சிமெண்ட் மூட்டை பூரா கல்லாயிடுச்சு, அதுலேர்ந்து இந்த விஷயத்த கொஞ்சம் வெறியாவே தேடித்தேடி படிக்க ஆரம்பிச்சேன். ஒவ்வொருத்தருக்கா வாயால சொல்லி அலுத்துப்போச்சு, அதான் எழுதி வச்சுட்டேன். விலை எதுவும் போடல, மழை வந்தா என் கடை உட்பட எல்லா இடத்துலயும் ஏறிடும்.

மணல் மூட்டையே போதாதா அண்ணே, காலங்காலமா அதத்தானே அடுக்குறோம்?

போதும்னா நானே வித்துட்டு சும்மா இருந்துடுவேன். மணல் மூட்டை தண்ணியோட வேகத்தத்தான் ஒடைக்கும், தண்ணிய முழுசா நிறுத்தாது. ரெண்டு மூட்டைக்கு நடுவுல இருக்கற சந்துல, தரைக்கும் மூட்டைக்கும் நடுவுல, எல்லாத்துலயும் கசியும். அதோட மழை அறிவிப்பு வந்த அன்னிக்கு மணல் எங்க கெடைக்குது, எம்-சாண்டே ஒரு லோடா வாங்குனாத்தான் தருவேங்கறான். ஒரு மூட்டை பதினஞ்சு இருபது கிலோ, ஒரே ஒரு வாசலுக்கு ஒரு அடி உயரம் அடுக்கவே பதினஞ்சு இருபது மூட்டையாவது வேணும், வயசானவங்க மட்டும் இருக்கற வீட்ல இத யாரு தூக்குறது? போன வருஷ மூட்டைய மொட்டைமாடில போட்டு வச்சிருப்பாங்க, வெயில்ல சாக்கு பொடிஞ்சு கையில எடுத்தா மணல் கொட்டும். தண்ணி வடிஞ்சப்புறம் சாக்கடைத் தண்ணி குடிச்ச மணல எங்க கொட்டுறதுன்னு தனி தலைவலி.

அதுக்காக வேஸ்ட்னு சொல்லல. தண்ணி வேகமா ஓடி வர்ற தெருமுனை வீடுகளுக்கு கனம்தான் காப்பாத்தும். அடுக்குறதா இருந்தா முழுசா ரொப்பாதீங்க, பாதிக்கு கொஞ்சம் மேல போதும், அப்பதான் மிதிச்சா தட்டையா உக்காரும். வாயை கட்டாம மடக்கி அடியில தள்ளி, செங்கல் அடுக்குற மாதிரி மேல் மூட்டை கீழ ரெண்டு மூட்டையோட சந்து மேல வர்ற மாதிரி வைங்க, தண்ணி வர்ற பக்கம் ஒரு டார்பாலின் விரிச்சு அதோட ஓரத்த அடி வரிசை மூட்டைக்கு கீழ சொருகுங்க. அந்த டார்பாலின்தான் பாதி வேலைய பாக்கும்.

இப்பவே ரெட் அலர்ட் குடுத்துட்டான், வீட்ல இருக்கற சாமான வச்சு என்ன பண்ணலாம்?

ஜப்பான்காரன் இதுக்கு ஒரு வழி வச்சிருக்கான், அங்க அரசாங்கமே மக்களுக்கு சொல்லிக் குடுக்குது. நாப்பது நாப்பத்தஞ்சு லிட்டர் புடிக்கற பெரிய குப்பை கவர ரெண்டா ஒண்ணுக்குள்ள ஒண்ணு போட்டு, பாதி அளவுக்கு தண்ணி புடிச்சு, காத்த வெளிய தள்ளிட்டு வாயை முறுக்கி கட்டணும். இத வரிசையா அட்டைப் பெட்டிக்குள்ள எறக்கி வாசல்ல நெருக்கி வச்சு, மொத்தத்தையும் டார்பாலினால சுத்திடணும். மண்ணு போட்ட செடித்தொட்டிய வரிசையா வச்சு ஷீட் சுத்துறதும் அவங்க சொல்றதுதான்.

நம்ம ஊருக்கு இன்னும் வசதியா ஒண்ணு இருக்கு, 20 லிட்டர் வாட்டர் கேன். எல்லார் வீட்லயும் ரெண்டு மூணு காலி கேன் கெடக்கும். முழுசா ரொப்பி மூடிய டேப் போட்டு ஒட்டி, படுக்க வைக்காம நிக்க வச்சு, டார்பாலின்ல பொட்டலம் மாதிரி சுத்தி வாசல்ல வைங்க, பின்னாடி ஒரு பலகை முட்டுக் குடுங்க. கணுக்காலுக்கு மேல வர்ற தண்ணி வரைக்கும் தாங்கும், அதுக்கு மேல இத நம்பாதீங்க, காரணம் அடுத்த பதில்ல இருக்கு.

தண்ணிய வச்சே தண்ணிய தடுக்கறதா? மெதந்து போயிடாதா?

நல்ல கேள்வி, நெறைய பேர் இத யோசிக்கறதே இல்ல. 20 கிலோ மணல் தண்ணிக்குள்ள முழுசா முங்குனாலும் 12 கிலோ கனம் காட்டும். 20 லிட்டர் தண்ணிப் பை தண்ணிக்குள்ள முங்குனா கனமே கெடையாது, கெணத்துக்குள்ள இருக்கற வாளி மாதிரி, மேல வர்ற வரைக்கும் வெயிட்டே தெரியாது இல்ல, அதேதான். அதனால வெளிய நிக்கற தண்ணிய விட உங்க பை நல்லா உசரமா இருக்கணும், மேல துருத்திக்கிட்டு இருக்கற அந்த பாகம்தான் கீழ இருக்கறத அழுத்தி புடிக்குது. தண்ணி பையோட தலைய தொட ஆரம்பிச்சா வழுக்கிட்டு போயிடும்.

ஆன்லைன்ல டயப்பர் மாதிரி ஊதுற பை விக்குறானே, வாங்கலாமா?

டயப்பர் மாதிரி இல்ல, டயப்பர்ல இருக்கற அதே சரக்குதான் உள்ள இருக்கு, சோடியம் பாலிஅக்ரிலேட்னு பேரு. காய்ஞ்ச பை கால் கிலோ கூட இருக்காது, நல்ல தண்ணில அஞ்சு பத்து நிமிஷம் போட்டா இருபது கிலோகிட்ட ஊதிடும். தூக்கி வைக்க லேசு, கட்டிலுக்கு அடியில அம்பது பை வச்சுக்கலாம், வயசானவங்க இருக்கற வீட்டுக்கு நான் தாராளமா சொல்லுவேன்.

ஆனா சிக்கல் இருக்கு. உப்புத் தண்ணில இது ஊதாது, ஊதுனாலும் கொஞ்சூண்டுதான், அதனால எண்ணூர், பழவேற்காடு, ஈசிஆர்ல கழிமுகத்தை ஒட்டி இருக்கறவங்க இத நம்பி இருக்காதீங்க. நல்ல தண்ணி ட்ரம்ல முன்னாடியே ஊற வச்சுதான் அடுக்கணும், வெள்ளம் வந்து அதுவா ஊதிக்கும்னு காய்ஞ்ச பைய வாசல்ல போட்டா வெள்ளமே அத இழுத்துட்டு போயிடும். ஊதுனப்புறம் உள்ள இருக்கறதும் தண்ணிதான், அதனால மேல மெதக்குறத பத்தி சொன்னது இதுக்கும் அப்படியே பொருந்தும். பெரும்பாலும் ஒரு மழைக்குத்தான் வரும். கிழிஞ்சா வழுவழுன்னு ஜெல் வரும், அத டாய்லெட்ல கொட்டி ஃப்ளஷ் பண்ணிடாதீங்க, குழாய்க்குள்ள போயும் ஊதும்.

அப்போ வாசலுக்கு நிரந்தரமா எது பெஸ்ட்?

என்னக் கேட்டா தடுப்புப் பலகை. நிலைக்கு ரெண்டு பக்கமும் அலுமினியம் யூ சேனல் ஆங்கர் போல்ட் போட்டு முறுக்கிடுவாங்க, மழை நாள்ல அலுமினியம் பலகைய மேலேர்ந்து ஒண்ணு ஒண்ணா சொருகணும், ஒவ்வொண்ணுக்கும் அடியில ஈபிடிஎம் ரப்பர் கேஸ்கெட் இருக்கும், கடைசில மேலேர்ந்து ஒரு கிளாம்ப் போட்டு அழுத்தி இறுக்கிடுவாங்க. அஞ்சு நிமிஷ வேலை. ரெடிமேடாவும் வருது, நல்ல ஃபேப்ரிகேஷன் பட்டறைல சொல்லியும் செய்யலாம்.

சொதப்புறது எப்பவும் அடியிலதான். வாசல் தரை மட்டமா இருக்காது, வாட்டம் குடுத்து டைல்ஸ் போட்டிருப்பாங்க, டைல்ஸ் ஜாயிண்ட் ஒவ்வொண்ணும் ஒரு சின்ன வாய்க்கால். பலகை உக்கார்ற எடத்துல மட்டும் டைல்ஸ எடுத்துட்டு ஒரே பீஸ் கிரானைட் பட்டைய ரசமட்டம் வச்சு பதிச்சுடுங்க. சேனல் வர்ற எடத்துல சுவர் பூச்சு தட்டுனா டொப் டொப்னு சத்தம் கேட்டா அத ஒடைச்சு புதுசா பூசிட்டுதான் சேனல் போடணும், இல்லன்னா தண்ணி பூச்சுக்கு பின்னாடி போய் உள்ள வரும். எல்லாம் பண்ணியும் கொஞ்சம் கசியத்தான் செய்யும், மாப் போட்டு எடுக்கற அளவுக்கு கசிஞ்சா அது நல்ல வேலைனே அர்த்தம்.

பிளைவுட்லயே பண்ணிக்க முடியாதா சார், அலுமினியம் கட்டுப்படி ஆகாது

முடியும். ஐஎஸ் 710 முத்திரை போட்ட மரைன் பிளை, 19 எம்எம், ஓரம் பூரா ரெண்டு கோட் எனாமல். சாதா கமர்ஷியல் பிளை வாங்குனா ஒரு ராத்திரில அப்பளம் மாதிரி உப்பிடும். பழைய லாரி டியூப நீளமா வெட்டி ஓரத்துல ஆணி அடிச்சு கேஸ்கெட்டா போடுங்க, பலகை நிலைக்கு வெளிப்பக்கம்தான் இருக்கணும், தண்ணியே அத நிலையோட சேத்து அழுத்திக்கும். உள்பக்கம் வச்சா தள்ளிட்டு வந்துடும். இவ்ளோதான், மத்தத உங்க ஆசாரி பாத்துப்பாரு.

எவ்ளோ உயரம் வைக்கணும்? நாலடி வச்சா ஒரேடியா சேஃப் தானே?

இங்கதான் கொஞ்சம் நிதானமா கேளுங்க. மூணடி அகலக் கதவு மேல ஒரு அடி தண்ணி நின்னா சுமார் 40 கிலோ தள்ளும். ரெண்டடி நின்னா 80 இல்ல, 170 கிலோ. மூணடிக்கு 380 கிலோ. நாலடிக்கு 680 கிலோ, ஒரு மாருதி கார அந்தக் கதவு மேல சாய்ச்சு வச்ச மாதிரி. உயரம் ரெண்டு மடங்கானா தள்ளு நாலு மடங்காகும். பலகை தாங்கலாம், ஆனா அதே தண்ணி கதவ மட்டும் தள்ளல, உங்க வீட்டு சுவர் பூராவும் தள்ளுது.

அமெரிக்காவுல ஃபெமான்னு பேரிடர் நிர்வாகம் இருக்கு, சாதாரண வீட்டு சுவர்ல மூணடிக்கு மேல தண்ணிய வெளிய நிறுத்தாதீங்கன்னு சொல்றாங்க. பிரிட்டன்ல இன்னும் உஷார், 60 சென்டிமீட்டர், அதாவது ரெண்டடிதான். நம்ம வீடுகள்ல ஒன்பது அங்குல சுவரா இருந்தா ரெண்டு ரெண்டரை அடி, முன்னாடி இழுத்துக் கட்டுன வராண்டா நாலரை அங்குல சுவரா இருந்தா ரெண்டடிக்கே நான் யோசிப்பேன். அதுக்கு மேல வருதுன்னு தெரிஞ்சா கதவத் திறந்து தண்ணிய உள்ள விட்டுடணும். கேக்க கஷ்டமாத்தான் இருக்கும். உள்ளயும் தண்ணி இருந்தா சுவருக்கு ரெண்டு பக்கமும் தள்ளு சமமாயிடும், சுவர் நிக்கும். தரையும் சோபாவும் போச்சுன்னா வாங்கிக்கலாம்.

காம்பவுண்டு சுவர் ஸ்ட்ராங்கா இருக்கு, கேட்ட மட்டும் அடைச்சா வீடே சேஃப் ஆயிடும்ல?

காம்பவுண்டு சுவர் தண்ணிய நிறுத்த கட்டுனது இல்ல, ஆடு மாடு வராம இருக்க கட்டுனது. அஸ்திவாரம் ஒண்ணரை அடிகூட இருக்காது, 2015ல எங்க ஏரியால சாய்ஞ்சதுல பாதி காம்பவுண்டு சுவர்தான்.

சரி, சுவர் தாங்கிடுச்சுன்னே வச்சுப்போம். உள்ள பெய்யற மழை எங்க போகும்? ஒரு கிரவுண்டு மனை, 2400 சதுர அடி, அதுல 30 சென்டிமீட்டர் மழை பேஞ்சா கிட்டத்தட்ட 67 ஆயிரம் லிட்டர். 12 ஆயிரம் லிட்டர் லாரி அஞ்சரை லோடு. 2015 டிசம்பர் 1ஆம் தேதி மழைல தாம்பரத்துல 49 சென்டிமீட்டர் பேஞ்சுது, 2023 டிசம்பர்ல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர். கேட்ட அடைச்சீங்கன்னா நீங்களே உங்க வீட்ட சுத்தி ஒரு தொட்டி கட்டுனதா அர்த்தம், பம்ப் இல்லாம அத யோசிக்கவே யோசிக்காதீங்க.

வாசல்ல சூப்பரா அடைச்சேன் அண்ணே, பாத்ரூம் வழியா கருப்பா வந்து வீடே நாறிப்போச்சு. ஏன்?

கடைக்கு வர்றதுல பாதிப் பேருக்கு இதுதான் நடந்திருக்கு. தெருவுல பாதாள சாக்கடை ரொம்பி மேன்ஹோல் மூடி வழியா பொங்குதுன்னா, அதே மட்டத்துக்கு உங்க வீட்டு குழாய்லயும் பொங்கும், தண்ணிக்கு அது குறுக்கு வழி. கிரவுண்ட் ஃப்ளோர் க்ளோசெட், குளிக்கற எடத்துல இருக்கற நஹானி ட்ராப், வாஷிங் மெஷின் விடுற ஓட்டை, மூணும்தான் வழக்கமான வாசல். 2021 நவம்பர் மழைல ஒருத்தர் வீட்டுக்கு போயிருந்தேன், முன்வாசல்ல முப்பது மூட்டை, ஒரு சொட்டு வரல, ஹால்ல முழங்கால் தண்ணி. நஹானி ட்ராப் ஜல்லடை மட்டும் தண்ணி மேல சுத்திக்கிட்டு இருந்துச்சு, பாக்கவே கடுப்பா இருந்துச்சு.

இதுக்கு மருந்து நான்-ரிட்டர்ன் வால்வ், என்ஆர்வி, தண்ணிய வெளிய மட்டும் விட்டு திரும்பி வர விடாது. உங்க வீட்டு கடைசி இன்ஸ்பெக்ஷன் சேம்பருக்கும் (குழாய திறந்து பாக்க மூடி போட்டு கட்டுன சின்னத் தொட்டி) தெரு லைனுக்கும் நடுவுல வைக்கணும், கழிவுநீர் லைனுக்குன்னே வர்ற ஃப்ளாப் டைப் வாங்கணும், தண்ணி மோட்டார் லைனுக்கு போடுற பித்தளை என்ஆர்விய மாட்டிட்டு போற ப்ளம்பரும் இருக்காங்க, பாத்துக்கோங்க. சேம்பருக்குள்ள கை விட்டு சுத்தம் பண்ற மாதிரி இருக்கணும், முடி, துணி, நாப்கின் எது மாட்டுனாலும் ஃப்ளாப் மூடாது. மழைக்கு முன்னாடி ஒரு தடவ திறந்து கழுவி விடுங்க. பணம் ஒரு வேலைக்குத்தான் இருக்கு, பலகையா என்ஆர்வியான்னு கேட்டா என் ஓட்டு என்ஆர்விக்குத்தான், தெருத்தண்ணியாவது வடிஞ்சுட்டா போயிடும்.

ப்ளம்பர் கெடைக்கல, இன்னிக்கு ராத்திரிக்கு என்ன பண்ணட்டும்?

மேல சொன்ன குப்பை கவர் தண்ணிப் பைய க்ளோசெட் உள்ள எறக்கி உக்கார வைங்க, நஹானி ட்ராப் மேலயும் ஒண்ணு. ஜல்லடைய கழட்டிட்டு கோணித் துணிய பாலிதீன்ல சுத்தி தக்கை மாதிரி அடிச்சு, அதுக்கு மேல பைய வைங்க, அதுக்கு மேல கனமா ஒரு கல். கடைல ரப்பர் டெஸ்ட் பிளக் கெடைக்கும், குழாய் சைஸ் சொல்லி வாங்கி சொருகி, நடுவுல இருக்கற போல்ட்ட முறுக்குனா ரப்பர் விரிஞ்சு கப்புனு புடிச்சுக்கும்.

நாங்க ஃப்ளாட்டு, கிரவுண்ட் ஃப்ளோர். என்ஆர்வி போட்டும் தண்ணி வந்துச்சே, வால்வ் ஃபால்ட்டா?

வால்வ் சரியாத்தான் இருந்திருக்கும், உங்க மாடி வீட்டுக்காரங்க ஃப்ளஷ் பண்ணியிருப்பாங்க. ஃப்ளாப் மூடிடுச்சுன்னா தெருத்தண்ணி உள்ள வராது, அதே சமயம் உங்க பில்டிங் தண்ணியும் வெளிய போகாது. மாடில மூணு வீடு குளிச்சு துவைச்சு விட்டா அது எங்க வரும், ரொம்ப கீழ இருக்கற உங்க க்ளோசெட்லதான் வரும். தண்ணி நிக்கற நேரத்துல மாடிக்காரங்க சாக்கடை லைன்ல தண்ணி விடக்கூடாதுன்னு அசோசியேஷன் கூட்டத்துலயே பேசி வச்சுக்கோங்க, வெள்ளத்தன்னிக்கு படியேறி போய் கேட்டா சண்டைதான் வரும். கிரவுண்ட் ஃப்ளோர் லைன மட்டும் தனியா பிரிச்சு அதுக்கு தனி சேம்பர், தனி வால்வ் போடறது இன்னும் நல்லது.

எங்க ஏரியால பாதாள சாக்கடையே இல்ல, செப்டிக் டேங்க்தான். அப்ப எங்களுக்கு இந்தப் பிரச்சனை இல்லல்ல?

இருக்கு, வேற மாதிரி. நிலத்தடி நீர் மேல வந்துட்டா செப்டிக் டேங்குக்குள்ளயும் தண்ணி ஏறி அதே க்ளோசெட் வழியா வரும். வீட்டுக்கும் டேங்குக்கும் நடுவுல என்ஆர்வி, மத்ததெல்லாம் மேல சொன்னதுதான். கோடைலயே லாரி கூப்ட்டு சுத்தம் பண்ணிடுங்க, மழை நடுவுல காலி பண்ணாதீங்க. காலியான டேங்க் ஈர மண்ணுக்குள்ள படகு மாதிரி, பிளாஸ்டிக் டேங்கா இருந்தா மண்ண பொளந்துட்டு மேலயே வந்துடும்.

சம்ப்?

அதே கதைதான், மழைக்கு முன்னாடி ரொப்பி வைங்க, காலியா விடாதீங்க. சம்ப் மூடி தரை மட்டத்துல இருந்தா சுத்தி ஒண்ணரை அடிக்கு செங்கல் கட்டி பூசி மேல தூக்கிடுங்க, கொத்தனாருக்கு ஒரு நாள் வேலை. ஒருவேளை வெள்ளத்தண்ணி கலந்துடுச்சுன்னா மோட்டார் போட்டு மேல ஏத்தி ஓவர்ஹெட் டேங்கையும் கெடுத்துக்காதீங்க. எறைச்சுட்டு, தேய்ச்சு கழுவி, ப்ளீச்சிங் பவுடர் போட்டு, மறுபடி எறைச்சுட்டுதான் புதுத் தண்ணி.

டியூப் மாதிரி பெருசா தண்ணி ரொப்பி வீட்ட சுத்தி போடுறத வீடியோல பாத்தேன், அது இங்க கெடைக்குமா?

2016ல டெக்சாஸ்ல பிரேசோஸ் ஆத்து வெள்ளத்துல ஒருத்தர் இத வீட்ட சுத்தி போட்டு, ஊரே முங்கியும் அவர் வீடு மட்டும் தீவு மாதிரி நின்னுச்சே, அதானே? நெசம்தான், நல்ல சாமான்தான். அதுக்கே அவருக்கு எட்டாயிரம் டாலருக்கு மேல ஆச்சு. நமக்கு பணம்கூட ரெண்டாவது பிரச்சனை, எடம்தான் மொதல் பிரச்சனை. அந்த டியூப் உயரத்த விட அகலம் ரெண்டு மடங்கு பக்கம் வேணும், நம்ம வீட்ட சுத்தி மூணடி சந்துல ஏசி அவுட்டோரும் துளசி மாடமும் இருக்கு.

ஃபுளோரிடாவுல டாம்பா ஜெனரல் ஹாஸ்பிடல் மடக்கு வேலி மாதிரி ஒண்ணு சுத்தி நிறுத்துவாங்க, 2024 ஹெலீன் புயல்ல அது கடல் தண்ணியவே நிறுத்துச்சு. ஆஸ்பத்திரி, டேட்டா சென்டர், பெரிய அபார்ட்மெண்ட் வளாகம் இந்த மாதிரி எடத்துக்கு சரி, தனி வீட்டுக்கு இல்ல.

உள்ள கசியற தண்ணிய எறைக்க மோட்டார் எது வாங்கறது?

அரை எச்பி சப்மெர்சிபிள் டிரைனேஜ் பம்ப், தானா ஆன் ஆகுற ஃப்ளோட் ஸ்விட்சோட. ஆனா மிச்சாங் புயலப்போ, 2023 டிசம்பர்ல, வேளச்சேரி பள்ளிக்கரணை பக்கம் நாள் கணக்கா கரண்டே இல்ல, பம்ப் வச்சிருந்தவனும் வாளியோடதான் நின்னான். அதனால தெருவுல நாலு வீடு சேந்து ஒரு பெட்ரோல் பம்ப் செட் வாங்குறது உருப்படியான வேலை. அத கண்டிப்பா வீட்டுக்குள்ளயோ மூடுன கார் பார்க்கிங்லயோ ஓட்டாதீங்க, புகை ஆளக் கொன்னுடும், ஜெனரேட்டருக்கும் இதேதான்.

வெளிய மூணடி நிக்கும்போது உள்ள சுத்தமா எறைச்சு காய வைக்கணும்னு அடம்புடிக்காதீங்க, மேல சொன்ன 380 கிலோ கணக்க ஒரு தடவ திரும்ப படிங்க. வெளிய எறங்க எறங்க உள்ளயும் எறக்குங்க.

மெயின் எப்ப ஆஃப் பண்ணணும்?

தண்ணி வாசப்படிய தொட்டதும். பிளக் பாயிண்ட் நனையற வரைக்கும் காத்திருக்காதீங்க, ஈபி கட் பண்ணிட்டான்னாலும் உங்க இன்வெர்ட்டர் ஓடிக்கிட்டுதான் இருக்கும், அதையும் அணைக்கணும். தண்ணில நின்னுக்கிட்டு மெயின் பாக்ஸ தொடவே தொடாதீங்க. வசதி இருந்தா கிரவுண்ட் ஃப்ளோர் பிளக்கெல்லாம் நாலடிக்கு தூக்கிடுங்க, ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா தானா கட் ஆகுற ஸ்விட்ச்) இல்லன்னா மொதல்ல அத மாட்டுங்க.

நான் அடைச்சா தண்ணி பக்கத்து வீட்டுக்கு போகுமே, பாவம் இல்லையா?

தெரு பூரா ரெண்டடி தண்ணி நிக்கும்போது உங்க ஹாலுக்குள்ள வராத தண்ணியால பக்கத்து வீட்ல ஒரு நூல் கூட ஏறாது. ஆனா தெருவுக்கு குறுக்க மூட்டை அடுக்கறது, மழைநீர் வடிகால் வாய அடைச்சு கார் ஏத்த சாய்வு போடுறது, இதெல்லாம் அநியாயம், இதுக்கு என் கடைல சிமெண்ட் கேட்டா குடுக்க மாட்டேன்னு சொல்லிடுவேன்.

பக்கத்து வீட்டுக்காரன விட பெரிய வில்லன் ரோடுதான். பழைய தார சுரண்டாம மேல மேல போட்டு ரோடு ஏறி ஏறி, எங்க தெருவுல மூணு படி ஏறிப் போன வீடெல்லாம் இப்ப ரெண்டு படி எறங்கிப் போகணும். சுரண்டிட்டுதான் போடணும்னு 2021லயே தலைமைச் செயலாளர் சொல்லியாச்சு. ரோடு போட வர்றன்னிக்கு தெருவுல நாலு பேர் போய் நின்னு பழைய மட்டத்த ஒரு சுவர்ல மார்க் பண்ணிக் காட்டுங்க, எந்த பலகையும் அவ்ளோ பிரயோஜனம் இல்ல.

பேசாம வீட்டையே ஜாக்கி வச்சு தூக்கிட்டா?

தூக்கலாம், நம்ம ஏரியாலயே நெறைய வீடு தூக்கியிருக்காங்க. அஸ்திவாரத்துக்கு பக்கத்துல தோண்டி, சுவர வரிசையா ஜாக்கி மேல நிறுத்தி, எல்லா ஜாக்கியையும் ஒண்ணா கொஞ்சம் கொஞ்சமா முறுக்கி மூணு நாலு அடி ஏத்தி, அடியில செங்கல் வச்சு கட்டிடுவாங்க. ஆனா இதுல இடிஞ்சு விழுந்து வேலை செஞ்ச ஆள் செத்ததும் சென்னைல நடந்திருக்கு. ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஒருத்தர் வந்து பாத்து எழுதிக் குடுக்காம ஆரம்பிக்காதீங்க, தூக்குற கம்பெனிக்காரனே கூட்டிட்டு வர்ற இன்ஜினியர் கணக்குல வராது.

வாடகை வீடு, சுவர்ல ஒரு ஆணி அடிக்கவே ஓனர் விடமாட்டாரு

வாட்டர் கேனும் டார்பாலினும் டெஸ்ட் பிளக்கும் உங்களுக்குத்தான். நிலைக்கு நடுவுல ஜாக்கி மாதிரி விரிச்சு இறுக்குற தடுப்பும் வருது, துளை வேண்டாம். அதோட ஆறு ஹாலோ பிளாக் வாங்கி வைங்க, ஃபிரிட்ஜுக்கும் வாஷிங் மெஷினுக்கும் அடியில. பீரோல பத்திரம் சர்டிபிகேட் எல்லாம் கீழ் தட்டுலதான் வச்சிருப்பீங்க, இன்னிக்கே மேல மாத்துங்க.

செம்பரம்பாக்கம் ஏரி திறந்தாத்தானே வெள்ளம், நியூஸ் பாத்துட்டு போட்டுக்கலாம்ல?

ஜாபர்கான்பேட்டை, கோட்டூர்புரம் மாதிரி அடையாறு ஓரம் இருந்தா ஏரி மட்டத்த பாருங்க, மொத்த ஆழம் 24 அடி, 21, 22 அடி தாண்டுனாலே உஷாராகணும். 2015ல 29 ஆயிரம் கன அடி விட்டப்போ தண்ணி ராத்திரில வந்துச்சு, பாதிப் பேர் தூக்கத்துல இருந்தாங்க.

வேளச்சேரி, மடிப்பாக்கம், பெரும்பாக்கம் பக்கம் செம்பரம்பாக்கத்துக்கும் நமக்கும் சம்பந்தமே இல்ல, இது நம்ம தலை மேல பெய்யற மழையும் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கு போக வழியில்லாம நிக்கற தண்ணியும்தான். எந்த அணையும் திறக்க வேண்டாம், நாலு மணி நேரம் விடாம பேஞ்சா போதும். ரெட் அலர்ட்டுன்னா படுக்கறதுக்கு முன்னாடி பலகைய போட்டுட்டு படுங்க, வரலன்னா காலைல எடுத்துக்கலாம்.

வாசல், பாத்ரூம் எல்லாம் அடைச்சாச்சு, ஆனா தரை டைல்ஸ் நடுவுலேர்ந்தே ஊறுதே?

அதுக்கு என்கிட்ட மருந்து இல்ல, யார்கிட்டயும் முழுசா கெடையாது. நாள் கணக்கா வெளிய தண்ணி நின்னா மண்ணு நனைஞ்சு, தரைக்கு கீழேர்ந்து மேல தள்ளும். டைல்ஸ் சந்துல எபாக்ஸி க்ரௌட் போட்டு அடைச்சா கொஞ்சம் கொறையும். ஏசி பைப், ஈபி கேபிள் வர்ற ஓட்டையெல்லாம் வெளிப்பக்கம் அடைச்சிருக்கான்னு பாருங்க, ஊறுதுன்னு நெனைக்கறது பல வீட்ல சுவர் வழியா எறங்கி வர்றதுதான். நெஜமாவே தரைலேர்ந்துதான்னா ஒரு மூலைல சேர விட்டு எறைச்சுக்கிட்டே இருங்க.

மழை முடிஞ்சு பலகைய எப்படி பாதுகாக்கறது?

நல்ல தண்ணில கழுவி, நிழல்ல காய வச்சு, ரப்பர் மேல டால்கம் பவுடர் தூவி வைங்க, ஒட்டிக்காது. எலி கடிக்காத எடமா பாருங்க. எந்த வாசலுக்கு எந்தப் பலகைன்னு பெயிண்ட்ல நம்பர் போடுங்க. செப்டம்பர்ல ஒரு ஞாயித்துக்கிழமை மாட்டி, வெளிலேர்ந்து ஹோஸ் புடிச்சு அடிச்சுப் பாருங்க. எங்க கஸ்டமர் ஒருத்தர் மூணு வாசலுக்கும் அலுமினியம் பலகை போட்டு, மழை முடிஞ்சதும் பத்திரமா தோட்டத்து ஸ்டோர் ரூம்ல வச்சு பூட்டுனாரு. அடுத்த மழைல மொதல்ல தண்ணி நின்னது தோட்டத்துலதான், ஸ்டோர் ரூம் மரக்கதவு ஊறி உப்பிக்கிச்சு, மூணு நாள் கழிச்சு கடப்பாரை வாங்க என் கடைக்குத்தான் வந்தாரு.